பதில்: சீப்பு பட்டாலே தலை வலிக்குது, சிபிடி எண்ணெய் உதவுமா?

மைக்ரேன் வந்தா சீப்புகூட வைக்க முடியல, கண்ணாடி மாட்டினா நெத்திப்பொட்டு எரியுது, கஞ்சாச் செடியில இருந்து எடுக்குற சிபிடி எண்ணெய் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. பிரமை இல்லைங்க. இதுக்கு அலோடினியான்னு பேரு. முகத்து நரம்பு மூளைத்தண்டுல போய்ச் சேர்ற இடம் உசுப்பேறி, சாதாரணத் தொடுதலையே வலின்னு எடுத்துக்குது.

கஞ்சாச் சத்து மாதிரி உடம்பே உண்டாக்குற அனந்தமைடுங்கிற வேதிப்பொருள், அந்த இடத்துல பிரேக் மாதிரி. 2007-ல இத்தாலியில நாள்பட்ட மைக்ரேன் உள்ளவங்களோட தண்டுவட நீர்ல பார்த்தப்போ அது குறைவாத்தான் இருந்துச்சு. எண்ணெய் விக்கிறவங்க பிடிச்சிக்கிட்டது இதைத்தான். ஆனா அந்தக் குறைவு காரணமா விளைவான்னு முடிவாகல. அனந்தமைடு வேலை செய்ய நரம்பு செல்லுல போய் ஒட்டுற இடமான சிபி1 ஏற்பியில சிபிடி சரியா ஒட்டுறதுகூட இல்ல. நானா இருந்தா காசைப் போட மாட்டேன்.

டாக்டர் சுமாட்ரிப்டான் மாதிரி மைக்ரேன் மாத்திரை எழுதிக் குடுத்திருந்தா, வலி ஆரம்பிச்சதுமே, தலைத்தோல் எரியத் தொடங்குறதுக்கு முன்னாடி போடுங்க; அப்புறம் போட்டா பலன் பெரும்பாலும் குறைவு. இதய நோய் இருந்தா அது கூடவே கூடாது. அதைப் போடுற நாள் மாசத்துல 10-ஐத் தொடவும் விடாதீங்க, மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மாசம் 4 நாளுக்கு மேல வலி வந்தா, தடுப்பு மருந்து பத்தி நரம்பியல் டாக்டர்கிட்ட கேளுங்க. எரியுறதையும் மறக்காம சொல்லுங்க, பலரும் அதை விட்டுடறாங்க.