திருமங்கலம் பேருந்தில் கேட்க ஏற்ற கிறிஸ்தவ ஒலிநூல்களும் உரைகளும்

திருமங்கலத்திலிருந்து மதுரை பெரியார் பேருந்து நிலையம் வரை நாள்தோறும் சென்றுவரும் நேரத்தில் எதைக் கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதே வழியில் பல ஆண்டுகளாகப் பயணம் செய்பவன் என்ற முறையில், முதலில் வேதாகமத்தையே கேட்கச் சொல்வேன்.

'பைபிள் டாட் இஸ்' செயலியில் தமிழ் ஒலி வேதாகமம் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டால் வழியில் இணையம் தேவைப்படாது. மாற்கு நற்செய்தியின் 16 அதிகாரங்களையும் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் கேட்டுவிடலாம். துண்டு துண்டாக வாசித்துப் பழகிய நமக்கு, ஒரே மூச்சில் கேட்கும்போதுதான் அதன் வேகம் புலப்படுகிறது. இயேசு காற்றையும் கடலையும் அதட்டும் பகுதியைப் பழங்காநத்தம் நெரிசலில், ஒலிப்பான்களின் இரைச்சலுக்கு நடுவே இரண்டு முறை பின்னோக்கி ஓட்டிக் கேட்ட அந்தக் காலைப்பொழுதை நான் மறக்கவில்லை.

ஆங்கிலம் பழக்கம் என்றால், லிப்ரிவாக்ஸ் என்னும் ஒலிநூல் தளத்தில் ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தினாரின் தன்வரலாறான 'அறிக்கைகள்', 1678-இல் வெளிவந்த ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' ஆகியவை இலவசம். தன்னார்வலர்கள் வாசிப்பதால் குரலின் தரம் மாறுபடும், ஆகவே ஐந்து நிமிடம் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் தமிழ்க் காப்பியமான 'இரட்சணிய யாத்திரிகம்' பனியனின் கதையைத் தழுவியதே என்பதால், அதை வாசித்தவர்களுக்குப் பனியனின் நூல் இரட்டிப்புச் சுவை தரும்.

சொற்பொழிவுகளில், உணர்ச்சியை மட்டும் எழுப்புபவற்றைவிட, ஒரே வேதப்புத்தகத்தை வசனம் வசனமாக விளக்கிச் செல்லும் தொடர்களையே நாடுங்கள். கத்தோலிக்கருக்கு வத்திக்கான் வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளும் பயன்படும்.