கேள்வி – பதில்: கால் வந்த பிறகுதான் வெளியே போக வேண்டுமா?

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகுகளைப் பழுதுபார்க்கும் வேலை செய்துவந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு படகின் மேல்தளத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இல்லை. வயது 31. கால் வந்த பிறகு வெளியே போகலாம் என்கிறார்கள் வீட்டில். சிறுநீர் எப்போது கசியுமோ என்ற பயத்தில் நானும் வாசலைத் தாண்டுவதில்லை. வேலை, விளையாட்டு என்று மறுபடியும் இருக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காசிமேடு

பதில்: முடியும். ஆனால் ‘கால் வந்த பிறகு’ என்ற நிபந்தனையை முதலில் கைவிட வேண்டும். தண்டுவட அடியில் திரும்பக்கூடிய அசைவு பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் நடையை எதிர்பார்த்து நாட்களைத் தள்ளிவைப்பதில் இழப்புதான் மிகுதி.

உங்கள் கடிதத்தில் கால்களைப் பற்றிய வரியைவிடச் சிறுநீரைப் பற்றிய வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் பலர். அதனால் தொற்றும் கல்லும்தான் வந்து சேரும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மெல்லிய குழாயை நீங்களே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றப் பழகுங்கள். ஒருமுறைக்கு 500 மில்லிக்கு மேல் சேரவிடாமல், குடிக்கும் தண்ணீரையும் நேரம் வைத்துக் குடித்தால், இரண்டு தடவைக்கு இடைப்பட்ட நேரம் உங்களுடையதாகிவிடும். இப்படிப் பழகியும் கசிந்தால் அதற்கு மருந்துகள் உண்டு. மலம் கழிப்பதையும் தினமும் ஒரே நேரத்தில், உணவுக்குப் பின் அரை மணி நேரத்துக்குள் என்று பழக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது தோல். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் இறந்துகொண்டிருந்தவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, கிருமி சேராமல் சிறுநீரை வெளியேற்றியே காப்பாற்றினார். அந்த அடித்தளத்தின் மேல்தான் 1948 ஜூலை 29 அன்று அவரால் 16 பேரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வில்வித்தைப் போட்டி நடத்த முடிந்தது. இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நாற்காலியில் இருக்கும்போது, பிட்டத்தின் மேல் விழும் அழுத்தம் நீங்க, அரை மணிக்கு ஒருமுறையாவது முன்பக்கமாகக் குனிந்து மார்பைத் தொடை மேல் சாய்த்து, இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். கைகளை ஊன்றி உடலைத் தூக்குவதையும் கற்றுத்தருவார்கள். ஆனால் அதை யாராலும் இரண்டு நிமிடம் தாங்க முடியாது, தோள்பட்டையும் தேய்ந்துபோகும். இனி உங்களுக்குக் காலும் அந்தத் தோள்தான். இரவில் செல்பேசியில் படமெடுத்துப் பிட்டத்தையும் குதிகாலையும் பாருங்கள். அழுத்தம் நீங்கி அரை மணி கழிந்தும் சிவப்பு மறையாவிட்டால், அந்த இடத்தில் உட்கார்வதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பின்பையில் பர்ஸ், தடித்த தையல் போட்ட ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். சூடான தேநீர் டம்ளரைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளுவதும் கூடாது. கொப்புளம் எழுந்த பிறகுதான் சுட்டதே தெரியவரும். சித்திரை வெயிலில் காய்ந்த இரும்புப் பலகையும் இப்படித்தான்.

வாசற்படி ஆறு அங்குல உயரம் என்றால், சாய்தளம் ஆறடி நீளமாவது இருக்க வேண்டும். உங்கள் பகுதிச் சந்துகளில் அதற்கு இடம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். மடித்து எடுத்துவைக்கும் பலகை போதும். வெளியே வந்துவிட்டால், 2021-இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவின் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் மட்டும் பழகாதீர்கள். காலையில் ஆள் குறைந்த மைதானமே நல்லது. மூச்சு வாங்கும் வேகத்தில் 20 நிமிடம் நாற்காலியைத் தள்ளுவதும், கை, தோள், முதுகுத் தசைகளுக்கான பயிற்சியும் வாரத்துக்கு இரண்டு முறை என்று தொடங்கலாம்.

வேலையைப் பொறுத்தவரை, எஞ்சின் பாகங்களை மேசையில் வைத்துப் பழுதுபார்ப்பதற்கு உங்கள் கை அனுபவம் அப்படியே உதவும். ஆனால் தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். நல்ல குஷனும் உயரம் சரியான மேசையும் தேவை. குழாய் செலுத்துவதையும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவதையும் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்திலோ நேரில் கற்றுக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கிவிட்டால், பராமரிப்பு உதவித்தொகைக்கும் பேட்டரி சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

கேள்வி: என் அண்ணனுக்குக் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டிருக்கிறது. சில நாட்களில் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து வியர்க்கிறது. தலைவலி மாத்திரை போதுமா?
– ஒரு தங்கை, வியாசர்பாடி

பதில்: போதாது, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட நிலையிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே எங்கோ ஏற்படும் உறுத்தலால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறிவிடும். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். பெல்ட்டையும் இறுக்கமான உடையையும் தளர்த்துங்கள். பிறகு, சிறுநீர் வடியக் குழாய் போட்டிருந்தால் அது மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் மலச்சிக்கல், புண், உள்வளர்ந்த நகம் என்று தேட வேண்டும். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். அவருடைய வழக்கமான ரத்த அழுத்தம் மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும் என்பதால், பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் அளவும் அவருக்கு அதிகமாக இருக்கலாம். அந்த வழக்கமான அளவை ஒரு சீட்டில் எழுதி அவருடைய சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள். அவசரப் பிரிவு மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.