பிரான்ஸிலிருந்து என்ன வாங்கி வருவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். மகள் லியோனில் முதுகலை படிக்கிறாள். ஜூன் மாதம் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். லியோனில் சில நாள், அப்புறம் அவிஞோன், மார்செய் பக்கம், கடைசியில் பாரிஸ். டிக்கெட் போட்ட நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, யாருக்கு என்ன வாங்குவது என்பதுதான். ஐஃபெல் கோபுரச் சாவிக்கொத்து எங்கள் வீட்டிலேயே நாலைந்து கிடக்கிறது, எல்லாம் போய்வந்தவர்கள் கொடுத்தது. பிரெஞ்சு மரபு என்று சொல்லத்தக்க பொருளாக, ஏமாறாமல், அளவான செலவில் வாங்க வேண்டும். அம்மா முட்டைகூடச் சேர்க்கமாட்டார். நவராத்திரிக்கு ஒன்பது படி கொலு வைப்பவர். அண்ணனுக்குச் சமையலில் பித்து. தங்கைக்கு இரண்டு சிறு பிள்ளைகள். நீங்கள் பிரான்ஸைப் பற்றி அவ்வப்போது எழுதுவதால் கேட்கிறேன்.

ம., கோவை

*

அன்புள்ள ம.,

மார்செய் சோப்பு, திஜோன் கடுகு, லாயோல் கத்தி. பிரான்ஸ் என்றதும் யாரும் சொல்லும் மூன்று பொருள்கள் இவை. இந்த மூன்று பெயர்களிலும் வேறு நாட்டில் செய்த சரக்கு தாராளமாக விற்கிறது. அதனால் கடையில் முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டுப் பொருளைத் திருப்பிப் பாருங்கள். யார் செய்தது, எந்த ஊரில் என்று முகவரி இருக்கிறதா? வெறும் பிரெஞ்சுக் கொடியும் ஒரு லாவண்டர் படமும் மட்டும் இருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இன்னொன்று, பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் தங்கள் வீட்டில் புழங்கும் பொருளாகப் பாருங்கள். ஷோகேஸில் தூசி படியப்போவதைவிட அடுப்படியிலோ குளியலறையிலோ தேய்ந்து தீர்வது மேல் என்பது என் கட்சி.

சோப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான். அவிஞோன், மார்செய் கடைகளில் ரோஜா, எலுமிச்சை, தேங்காய் என்று முப்பது நிறங்களில் அடுக்கியிருப்பார்கள். வாசனை தெருமுனை வரை வரும். அதெல்லாம் மோசமான சோப்பு என்று சொல்லவில்லை. மார்செயின் பழைய சோப்பு அது இல்லை, அவ்வளவுதான். பழைய முறையில் தாவர எண்ணெயையும் காரத்தையும் பெரிய கொப்பரையில் நாள்கணக்கில் காய்ச்சி, உப்புநீர் விட்டுக் கழுவி, கட்டியாக ஊற்றி அறுப்பார்கள். வாசனையும் சாயமும் சேர்ப்பதில்லை. ஆலிவ் எண்ணெய் என்றால் பாசிப்பச்சை, தேங்காய், பனை எண்ணெய் என்றால் வெள்ளை. கனசதுரக் கட்டியின் பக்கங்களில் தயாரிப்பாளர் பெயரும், எண்ணெய்ச் சத்தைக் குறிக்கும் 72% என்ற எண்ணும் அச்சு குத்தப்பட்டிருக்கும். இப்படிக் காய்ச்சும் பட்டறைகள் மார்செயிலும் பக்கத்து ஊரான சலோன்-த-ப்ரோவான்ஸிலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிச்சம்: ஃபெர் ஆ ஷெவால், லெ செராய், மரியுஸ் ஃபாப்ர் போன்றவை. சலோனில் மரியுஸ் ஃபாப்ர் பட்டறையோடு ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு. உங்கள் வீட்டுக்கு முக்கியமான விஷயம்: மலிவான சோப்புகளின் சேர்மானப் பட்டியலில் 'சோடியம் டாலோவேட்' என்று இருந்தால் அது மாட்டுக் கொழுப்பு. அம்மாவுக்கு வாங்கும்போது பார்த்துவிடுங்கள். கட்டி காயக்காய இறுகி, கரையாமல் அதிக நாள் வரும், ஆகவே நிறைய வாங்கினாலும் நட்டமில்லை.

அடுத்தது துணி. மார்செய், அவிஞோன் இருக்கும் தென்பகுதியான ப்ரோவான்ஸின் சந்தைகளில் மஞ்சள், நீலம், சிவப்பில் பொடிப்பூ போட்ட பருத்தி மேசைவிரிப்புகள் தொங்கும். நன்றாகப் பார்த்தால் பாதியில் நம் மாங்காய் டிசைன் இருக்கும். தற்செயல் இல்லை. அந்தத் துணிவகைக்கு அங்கே 'இந்தியேன்' என்றே பெயர். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறிப் போன அச்சுத்துணிக்குப் பிரான்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்தது. துவைத்தாலும் சாயம் போகாத பருத்தித்துணி அவர்களுக்குப் புதிது. மார்செயில் அதைப் பார்த்து அச்சடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைப்பு போகிறதென்று கூச்சலிட, பதினான்காம் லூயி அரசாங்கம் 1686-இல் இந்தியத் துணியையும் அதன் உள்ளூர் நகலையும் சேர்த்தே தடை செய்தது. தடை 1759 வரை நீடித்தது. அத்தனை காலமும் சீமாட்டிகள் அதை வீட்டுக்குள் உடுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். கள்ளக்கடத்தலும் ஜோராக நடந்தது.

இதற்கிடையில் புதுச்சேரியிலிருந்த கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார், நம் ஆட்கள் சாயம் ஏற்றும் முறையைக் கேட்டறிந்து 1742-இல் ஊருக்குக் கடிதம் எழுதினார். கடுக்காயை அரைத்து எருமைப்பாலில் கலந்து துணியை ஊறவைப்பது, படிகாரம் தீட்டுவது, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பு வரவழைப்பது, எல்லாம் படிப்படியாக அதில் இருக்கிறது. இன்று தொழில் ரகசியத் திருட்டு என்று வழக்குப் போடுவார்கள். தடை நீங்கியதும் பிரான்ஸில் அச்சுப் பட்டறைகள் பெருகின. இன்று அந்த மரபில் பெயர் பெற்றது தாரஸ்கோன் ஊரின் சூலெயாதோ. அவர்களுடைய அருங்காட்சியகத்தில் பழைய மர அச்சுக்கட்டைகளைப் பார்க்கலாம். அவிஞோனிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். நல்ல மேசைவிரிப்பு விலை அதிகம். அளவான செலவென்றால் ஒரு கைக்குட்டை அல்லது ஒரு மீட்டர் துணி போதும். சந்தையில் ஆலிவும் சில்வண்டும் போட்டு மலிவாக விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர், தொட்டாலே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் உங்கள் மனைவி தனக்கென்று வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள் இதுதான். நம் கரையிலிருந்து போன கைவேலைக்குப் பேரன் பேத்தி மாதிரி அது.

அம்மாவின் கொலுவுக்கு என் ஷோகேஸ் விதியைத் தளர்த்திக்கொள்கிறேன். 'சந்தோன்' என்று கேளுங்கள். விரல் நீளத்தில் சுட்ட களிமண் பொம்மைகள், கையால் வண்ணம் தீட்டியவை. பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களை மூடிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் குடில் பார்க்க வழியில்லை. ஜனங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள, மார்செயில் லான்யெல் என்ற கலைஞர் அச்சில் வார்த்து மலிவாகச் செய்தார். சந்தோன் சந்தை 1803-இலிருந்து மார்செயில் ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது. நீங்கள் போவது ஜூன், சந்தை இருக்காது. ஆனால் மார்செய்க்குப் பக்கத்தில் ஒபான்ய் ஊர்ப் பட்டறைகளில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். குடிலுக்குக் குழந்தை ஏசுவைப் பார்க்க வரும் கூட்டம் முழுக்க ப்ரோவான்ஸ் கிராமத்து ஆட்கள்: மீன்காரி, மாவுமில்காரர், பூண்டு விற்கிறவள், கத்தி சாணை பிடிக்கிறவர், இரண்டு கையையும் தூக்கி வியந்து நிற்கும் 'ராவி' என்கிற அப்பாவி. செட்டியார் பொம்மை கடை விரித்திருக்கும் படியில் மீன்காரிக்கு இடமில்லை என்று அம்மா சொல்லிவிட்டால் பூண்டுக்காரியை வாங்குங்கள். சிறியது போதும். பெட்டியில் தனித்தனியாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள், மண் பொம்மை, மூக்கு உடையும்.

இனிப்பு விஷயத்தில் முட்டை தொல்லை பெரிது. எல்லாரும் வாங்கிவரும் மக்கரோன் முட்டை வெள்ளைக்கருவில்தான் நிற்கிறது. சில நாளில் கெட்டும்போகும். மோந்தெலிமார் நூகா, எக்ஸ் ஊர் காலிஸோன் இரண்டிலும் வெள்ளைக்கரு உண்டு. அம்மாவுக்கு 'அனிஸ் த ஃப்ளாவிஞி' வாங்குங்கள். திஜோன் இருக்கும் பர்கண்டி வட்டாரத்தில் ஃப்ளாவிஞி என்ற மலைக் கிராமத்துப் பழைய மடத்தில் செய்கிறார்கள். உள்ளே ஒரு சோம்புவிதை, மேலே சுற்றிச் சுற்றி ஏற்றிய சர்க்கரை, வேறொன்றும் இல்லை. ரோஜா, வயலட், புதினா வாசனைகளில் அழகான தகர டப்பாவில் வரும். சாப்பாட்டுக்குப் பின் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாரிஸ் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். நான்சி ஊரின் பெர்கமோத் மிட்டாயும் பயமில்லாமல் வாங்கலாம். சர்க்கரைப் பாகும் பெர்கமோத் பழத்தோல் எண்ணெயும்தான், புவிசார் குறியீடு பெற்றது.

அண்ணனுக்குக் கடுகு. ஆனால் 'திஜோன் கடுகு' என்பது ஒரு செய்முறையின் பெயர் மட்டுமே. விதைக்கு நீண்டகாலம் பெரும்பாலும் கனடாவையே நம்பியிருந்தார்கள். 2021-இல் கனடாவில் வறட்சி, மறு வருடம் பிரெஞ்சுக் கடைகளில் கடுகுத் தட்டு காலி, ஆளுக்கு ஒரு பாட்டில் என்று அட்டை தொங்கவிட்டார்கள். விதையும் பர்கண்டி, சேர்க்கும் வெள்ளை ஒயினும் பர்கண்டி என்றால் 'மூத்தார்த் த பூர்கோஞ்' என்று எழுதியிருக்கும், அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. ஒயின் ஆகாது என்றால் கெராந்த் உப்பு: அட்லாண்டிக் கரை உப்பளத்தில் மேலே ஆடையாகப் படிவதைக் கையால் வழித்தெடுப்பது. சமைத்து முடித்தபின் மேலே தூவ வேண்டும், சாம்பாரில் போட்டுக் கரைத்துவிட வேண்டாமென்று சொல்லிக் கொடுங்கள். எஸ்பெலெத் மிளகாய் என்று ஒன்று புகழ்பெற்றது. கோவைக்காரர் நாக்குக்கு அது உறைக்கவே உறைக்காது, நிறத்துக்கும் மணத்துக்கும் என்றால் வாங்கலாம்.

கத்தி வேண்டுமென்றால் லாயோல் குழப்பத்தை விட்டு ஒப்பினெல் வாங்குங்கள். லியோனுக்குக் கிழக்கே சவோய் மலைநாட்டில் 1890 முதல் செய்யப்படும் மரப்பிடி மடக்குக் கத்தி. எட்டாம் எண் எல்லாருக்கும் பொருந்தும், விலையும் குறைவு. கத்தியைப் பரிசாகச் சும்மா வாங்கிக்கொண்டால் உறவை அறுக்கும் என்று பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு நம்பிக்கை. பரிசு பெறுகிறவர் ஒரு நாணயம் திருப்பிக் கொடுப்பார். அண்ணனிடம் ஒரு ரூபாய் வசூலித்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு லியோனிலேயே கிடைக்கும்: கிஞோல் என்ற கைப்பொம்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோரான் மூர்கே என்ற பல் பிடுங்குகிறவர், ஆட்களைக் கூட்ட நடத்திய பொம்மலாட்டத்திலிருந்து பிறந்தவன். ஏழைப் பட்டு நெசவாளி, துடுக்கு வாய், போலீஸ்காரனை நையப்புடைப்பான். தலை மரத்தில் செய்ததாகப் பாருங்கள். கூடவே டியூராலெக்ஸ் கண்ணாடி டம்ளர் வாங்கலாம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறைகளில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. அடியில் அச்சு எண் ஒன்று இருக்கும். பிள்ளைகள் டம்ளரைக் கவிழ்த்து "உனக்கு எத்தனை வயசு?" என்று கேட்டு விளையாடுவார்கள். ஓர்லியோன் பக்கத்து அந்த ஆலையை 2024-இல் தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்துக்கொண்டார்கள் என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம்.

லியோன் பட்டு பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், சரிதான். நல்லது விலை அதிகம். காஞ்சிபுரம் உடுத்துகிற வீட்டுக்கு ஸ்கார்ஃப் எதற்கு? பெரே தொப்பியும் வேண்டாம், கம்பளி. கோவை வெயிலில் வேகும். லாவண்டர் பை எடை இல்லாதது, பக்கத்து வீடுகளுக்கு அதுவே போதும். பாரிஸில் காசு செலவழிக்காதீர்கள். பழம்பொருள் சந்தைகளில் பழைய அஞ்சலட்டைப் பெட்டிகளை மட்டும் துழாவுங்கள். பழைய காலனிகள் பெட்டியில் புதுச்சேரி, காரைக்கால் படங்களும் அகப்படும்.

கடுகு, தேன் போன்றவை கேபின் பையில் 100 மில்லிக்கு மேல் போகாது, பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். கத்தியோடு சேர்த்து பெரிய பெட்டியில் வையுங்கள். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் விற்பனை வரியைத் திரும்பப் பெறும் 'தேதாக்ஸ்' படிவம் கேளுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அந்தப் படிவத்தை இயந்திரத்தில் காட்டிப் பதிந்துவிடுங்கள். வரிசை நீளும், ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள்.