யானை காதை நிறுத்தினால் கேமராவை இறக்குங்கள்

கேள்வி: முதுமலைச் சாலையோரம் யானை நின்றால் காரை நிறுத்திப் படம் எடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: கூடாது. காப்பகச் சாலையில் வண்டியை நிறுத்தவே தடை, பிடித்தால் அபராதம். சஃபாரி வண்டியில் போகும்போது எடுங்கள். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது காதுகளை. அவை சீராக அசைய, பிடுங்கிய புல்லைக் காலில் தட்டி மண் உதறித் தின்றுகொண்டிருந்தால் யானை நம்மைப் பொருட்படுத்தவில்லை. தின்பதை நிறுத்தி, காதும் அசையாமல் நின்றுவிட்டால் கிளம்ப வேண்டிய நேரம். காதை விரித்துப் பிளிறி ஓடிவருவது பெரும்பாலும் மிரட்டல்தான். தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வருகிற யானைதான் ஆபத்து.

டாப்சிலிப்பில் ஒரு மக்னா (தந்தமில்லாத ஆண் யானை) எங்கள் ஜீப்புக்கு எதிரே வந்து நின்றது. கன்னத்தில் மதநீர் வழிந்த கறை. காய்ந்த கிளையொன்றை எடுப்பதும் போடுவதுமாக இருந்தது. ஏதோ விளையாடுகிறது என்று உற்சாகமாகக் கிளிக்கிக்கொண்டிருந்தார் உடன் வந்த நண்பர். வழிகாட்டியாக வந்த காடர் பழங்குடிப் பெரியவர் அவருடைய லென்ஸைக் கையால் மூடிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். என்ன செய்வதென்று தீர்மானிக்க முடியாத யானை இப்படித்தான் கையில் கிடைத்ததை எடுத்துப் போடுமாம். நண்பரின் படங்களில் கிளைதான் தெளிவாக விழுந்திருந்தது.

கேள்வி: காட்டுமாடும் கருமந்தியும் என் படங்களில் சாம்பல் நிறமாக வருகின்றன. கேமரா கோளாறா? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லை. எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் கேமரா மீட்டரின் வேலை. கறுப்பு சட்டகத்தை நிறைத்தால் அதையும் வெளுக்கவைக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் ஒன்றுக்கு இறக்குங்கள். கொக்குக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: இருவாச்சிக் கூடு இருக்கும் இடம் சொல்வீர்களா? (திருச்சி வாசகர்)

பதில்: சொல்லமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாயிலைத் தானே அடைத்து, அலகு நீட்ட ஒரு பிளவு மட்டும் விட்டு அடைகாக்கிறது. வெளியே இருக்கும் ஆண் கொண்டுவரும் இரைதான் அதற்கும் குஞ்சுக்கும் உணவு. தொண்டையில் நிரப்பிவந்த அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக வரவழைத்து ஊட்டும். கீழே கேமரா முக்காலியோடு நாலு பேர் நின்றால் ஆண் பொந்தை நெருங்காது. உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். பழுத்த அத்திமரத்தைத் தேடிப் போங்கள். பறக்கிற படமே கிடைக்கும்.

கேள்வி: என்னிடம் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது. போதுமா? (மதுரைக் கல்லூரி மாணவி)

பதில்: தாராளமாகப் போதும், வால்பாறைக்குப் போங்கள். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டைஊசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவருகே வரையாடுகள் அடிக்கடி தென்படும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்திலேயே இருக்கும். பிஸ்கட் மட்டும் காட்டாதீர்கள். தின்பண்டத்துக்குப் பழகியவை சாலைக்கு வந்து வண்டிகளில் அடிபடுகின்றன. படத்திலும் குரங்கின் பார்வை பிஸ்கட் மேலேயே இருக்கும்.

கேள்வி: தேவாங்கை ஃபிளாஷ் போட்டு எடுக்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம். இருட்டில் இரை தேடுவதற்கென்றே அமைந்த கண்கள் அவை. டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டி, கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 6400 வரை ஏற்றுங்கள். படம் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும். 2022இல் கடவூர் மலைப்பகுதி தேவாங்கு சரணாலயமாகிவிட்டது. ஆகவே வனத்துறை அனுமதி கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள்.