சிறிய நகரங்களில் பூங்காவையும் மயானத்தையும் யார் பராமரிக்கிறார்கள்?

கோபி, தாராபுரம், உடுமலை மாதிரி ஊர்களில் இரண்டும் பெரும்பாலும் நகராட்சியின் பொறுப்பு. மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்கிப் பொதுவில் செலவழிப்பது போலத்தான், சொத்து வரியும் அரசு நிதியும் இதற்குப் போகின்றன. எரிவாயு தகன மேடையைச் சில ஊர்களில் அறக்கட்டளைகள் நடத்துகின்றன.

சரி, பூங்காவுக்கு இடம் எப்படி வருகிறது? 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். வீடுகள் நெருங்கிய பிறகு குழந்தைகள் விளையாட இடம் கிடைக்காது என்பதால்தான் முன்பே ஒதுக்கச் சொல்கிறார்கள். நம்ம பக்கம் 'ரிசர்வ் சைட்' என்பது இதுதான். வேலி போடாமல் விட்டால் சீக்கிரமே குப்பைமேடாகிவிடும், பார்க்கவே மனசு வலிக்கும்.

மனை போட்டவர் அதைப் பின்னால் விற்கலாம் எனப் பலர் நினைக்கிறார்கள். பத்திரம் எழுதிக் கொடுத்தபின் அது அவருடையதே இல்லை.