ஊசி போடுவது துரோகமா?

ஐயா, எங்கள் நாய்க்கு 11 வயது. கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கியது. சோதித்துப் பார்த்து லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்கிறார் மருத்துவர். கீமோ கொடுத்துப் பார்க்கலாம், வேண்டாமென்றால் முடியாத கட்டத்தில் ஊசி போட்டு உயிரை விடுவித்துவிடலாம் என்கிறார். என் கணவர் ஊசிதான் நல்லது என்கிறார். எனக்கு அது துரோகமாகத் தெரிகிறது. இன்னும் என்னைப் பார்த்தால் வாலை ஆட்டுகிறான். என்ன செய்ய?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வாலை நம்பித்தான் நான் ஏமாந்தேன். சிறுநீரகம் கெட்டுப்போன எங்கள் நாயும் கடைசி நாள்வரை வாலை ஆட்டியது. பத்து நாள் டிரிப்ஸ் ஏற்றத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ராத்திரியெல்லாம் படுக்க முடியாமல் மூச்சிரைக்க நின்றதையும், சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். அந்தப் பத்து நாளும் எனக்காகத்தான்.

ஆனால் உங்கள் நிலைமை வேறு. லிம்போமாவைக் கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்தான். பல மருந்துகள் சேர்ந்த கீமோ கொடுத்தால் ஒரு வருடம்வரை நன்றாக இருக்கும் நாய்கள் நிறைய. குணமாவது அரிது. கீமோவால் மனிதர்கள் படும் அளவுக்கு அவை அவதிப்படுவதில்லை. நல்லபடியாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அளவைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். ஒன்று முக்கியம்: கீமோ யோசனை இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையைத் தனியாக ஆரம்பித்துவிடாதீர்கள். பிறகு கீமோ சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

கீமோவா ஊசியா என்று இன்றைக்கே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. தொடங்கிய சிகிச்சையை எந்த நாளும் நிறுத்தலாம். எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் இப்போதே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் மனசு சரியாக யோசிக்காது.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண், நிலைமை நன்றாக இருந்தால் 10. மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். வாரம் ஒருமுறை நீங்களும் கணவரும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் கண்ணும் வேறு வேறு.

துரோகம் என்ற வார்த்தைக்கு வருகிறேன். கருணைக்கொலை என்று நாம் சொல்வதிலேயே கொலை இருக்கிறது, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. நடப்பது இதுதான்: வழக்கமாக முதலில் மயக்க மருந்து. அது அசந்த பிறகு, அளவுக்கு மிஞ்சிய இன்னொரு மயக்க மருந்து. சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது, ஓரிரண்டு பெருமூச்சு வரலாம். பயப்படாதீர்கள், அது வலி இல்லை.

அந்த நாள் வந்தால் வெளியே போய் நிற்காதீர்கள். தலையை மடியில் வைத்துப் பேசிக்கொண்டே இருங்கள். நான் வராந்தாவில் நின்றேன்.