கழுவக் கழுவ அரிப்பு ஏன் கூடுகிறது?

கேள்வி: எனக்கு வயது 19. திருவையாற்றுக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து கும்பகோணத்துக்குப் பேருந்தில் சென்று கல்லூரியில் படிக்கிறேன். திருமணமாகவில்லை. மூன்று மாதங்களாக அந்த இடத்தில் அரிப்பு இருக்கிறது, இரவில் அதிகம். கிருமிநாசினி கலந்த நீரில் தினமும் மூன்று முறை கழுவுகிறேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் நான்கு நாட்கள் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. அம்மா உடல் சூடு என்கிறார். நான் சுத்தமாக இல்லாததால் வந்ததா? மருத்துவரிடம் போனால் தவறாக நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

சுத்தத்தைப் பற்றிய கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். இந்த அரிப்பு அழுக்கினால் வந்ததன்று. உங்கள் ஒழுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் நாள்தோறும் மூன்று முறை கழுவுவதே அந்தத் தோலை ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்றுதான் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது.

“அந்த இடம்” என்று நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு பகுதிகள் அடங்கியுள்ளன. உள்ளே இருப்பது யோனிக் குழாய்; வெளியே தெரியும் புறப்பகுதி தோல்தான் என்றாலும், கை கால்களின் தோலைவிட மெல்லியது, எளிதில் எரிச்சலடைவது. குழாய்க்குள் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து, அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச். அளவை ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை வைத்திருந்து, தீய கிருமிகள் பெருகாமல் காக்கின்றன. உள்ளே கழுவும் வேலையை உடலே செய்துகொள்வதால் விரல்விட்டோ பீய்ச்சியோ கழுவவே கூடாது. வெளித்தோலில் கிருமிநாசினியையும், பி.எச். 9, 10 என்று காரத்தன்மையுடன் இருக்கும் குளியல் சோப்பையும் திரும்பத் திரும்பப் போட்டால் அதன் எண்ணெய்ப்பசை நீங்கி, தோல் வறண்டு அரிக்கிறது. அரிப்பதால் மீண்டும் கழுவுகிறோம். வாசனையூட்டிய நாப்கின், முடி நீக்கும் களிம்பு, சலவைத்தூள் சரியாக அலசப்படாத உள்ளாடை ஆகியவையும் இதே எரிச்சலைத் தரக்கூடியவை.

அடுத்து அந்தக் களிம்பு. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். தடவினால் அடங்கி, விட்டால் பொங்குவது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்த களிம்புகளின் இயல்பு. களிம்புக் குழலின் மீது குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தொடை இடுக்கில் வட்டமாக, ஓரம் சிவந்து நடுவில் தெளிந்து பரவும் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றுக்கு இதைத் தடவினால், சிவப்பும் அரிப்பும் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும், தோலும் மெலிந்துபோகும். மருத்துவர் பார்த்துச் சொல்லும் சில தோல் நோய்களுக்கு ஸ்டீராய்டே சரியான மருந்து. ஆனால், நோய் இன்னதென்று தெரியாமல் தடவ அது உரியதன்று. நிறுத்திய சில நாட்களுக்கு அரிப்பு கூடலாம். அதைக் கண்டு பயந்து மறுபடியும் தடவிவிடாதீர்கள்.

வெள்ளைப்படுதலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, கவனித்துப் பாருங்கள். நிறமற்றோ வெண்மையாகவோ, மாதச் சுழற்சிக்கேற்பக் கூடியும் குறைந்தும் வருவது இயல்பு. அது உடலை உருக்கிவிடும் என்பது வெறும் அச்சம். தயிர்த் திப்பி போலக் கெட்டியாக வந்து, கடும் அரிப்பும் எரிச்சலும் இருந்தால் பெரும்பாலும் அது கேண்டிடா என்னும் பூஞ்சை. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருவது இது. திருமணமாகாதவர்களுக்கும், வேறு நோய்க்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கும் வரும். குளோட்ரிமசோல் போன்ற மருந்துகளில் எளிதில் குணமாகும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை திரும்பினால் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். மீன் நாற்றம், மஞ்சளோ பச்சையோ ஆன நிறம் ஆகியவை வேறு கிருமிகளைக் காட்டுபவை. அவற்றுக்கு மருந்தும் வேறு.

இரவில்தான் அதிகம் என்கிறீர்களே, வீட்டில் வேறு யாருக்கும் அரிக்கிறதா? உங்கள் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள் உண்டா? இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அப்போது வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும்.

அம்மா சூடு என்பதை முழுவதும் தள்ள மாட்டேன். வெப்பமும் வியர்வையும் ஈரமும் அரிப்பைக் கூட்டுபவைதாம். ஆனால் இளநீரோ எண்ணெய்க் குளியலோ பூஞ்சையைப் போக்காது. நம் பக்கத்தில் ஐப்பசி அடைமழையில் துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. போதாததற்கு, ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று பெண்களின் உள்ளாடையை மட்டும் துண்டுக்கு அடியிலோ கொல்லைப்புற இருட்டிலோ காயப்போடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது மாற வேண்டும். வெயிலில் போடுங்கள், வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போட்டு முழுவதும் உலர்த்தி உடுத்துங்கள். படித்துறையில் குளித்த ஈரப் பாவாடையோடு வீடுவரை நடப்பதும், இறுக்கமான லெக்கின்ஸில் பேருந்திலும் வகுப்பிலுமாக நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதும் வேண்டாம்.

இன்று முதலே வெறும் தண்ணீரால் நாளுக்கு ஒரு முறை கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசுங்கள். அரிப்பு பொறுக்க முடியாதபோது குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, இரவில் தளர்ந்த பருத்தி உடையில் தூங்குங்கள். நாப்கினை ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். வேப்பிலை, பூண்டு, வினிகர் எதையும் அங்கே வைக்காதீர்கள், புண்ணாகிவிடும்.

மூன்று மாதமாகிவிட்டதால் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். கும்பகோணம் அரசு மருத்துவமனையிலோ, தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையின் மகளிர் பிரிவிலோ பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. அம்மாவையோ தோழியையோ உடன் அழைத்துச் செல்லலாம். திருமணமாகாத பெண்ணுக்கு வெளிப்புறத்தைப் பார்ப்பதே பெரும்பாலும் போதும்; தேவைப்பட்டால் மெல்லிய பஞ்சுக் குச்சியில் சிறிது கசிவை எடுப்பார்கள். வெண்திட்டு, புண், கொப்புளம், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். போகும் நாளில் எதையும் தடவாமல், அந்தக் களிம்புக் குழலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை நாட்கள் தடவினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.